கணிப்பொறி ஆட்டமும் இயக்க முறைமையும்

கல்லூரி விடுதி ஒன்றில் மாணவர் இருவர் வாதிட்டுக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் விண்டோஸ் இயங்கும் கணிப்பொறி இருக்கிறது. மற்றவரிடம் லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி இருக்கிறது. இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஒருவர் திரையில் காட்சி ஆற்றொழுக்காக ஓடுகிறது. மற்றவர் திரையில் அது தடுக்கித் தடுக்கி நகர்கிறது. “விண்டோஸே விரைவுடையது” என்கிறார் முதலாமவர். “உன் பொறி விலை மிகுந்தது; அதனால்தான் ஓடுகிறது” என்கிறார் இரண்டாமவர். அவ்வழியே வந்த மூன்றாமவர், தம் மேக் கணிப்பொறியைக் காட்டி, “இதற்கு ஈடு உண்டோ?” என்று கேட்டு, வாதத்தை மேலும் வளர்த்துவிடுகிறார்.

இத்தகைய வாதம் பெரும்பாலும் முடிவதில்லை. மூவரும் விடையைத் தேடுகிறார்களேயன்றி வினாவைச் சரியாக அமைத்துக்கொள்ளவில்லை என்பதே அதற்குக் காரணம். எது விரைவு என்று கேட்குமுன், எதனை அளக்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், இடையில் வேறு எவை மாறுகின்றன என்று கேட்க வேண்டும். இன்று நாம் ஆராயப்போவது அதுவே.

விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு, 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணிப்பொறிகளையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே, நன்றாக ஓடுகின்ற பொறியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதா, அல்லது அதே பொறியில் வேறோர் இயக்க முறைமையை நிறுவிக்கொள்வதா என்னும் கேள்வி பல மாணவர்களின் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது. ஒரு குடும்பத்தின் சில மாத வருவாயைச் செலவிடும் முடிவு இது. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு இதனை முடிவு செய்தல் தகாது.

முதலில், ஆட்டத்தின் காட்சி எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 நிலைப்படங்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. நம் கண் அவற்றை ஓர் அசைவாகக் காண்கிறது. அப்படங்கள் யாவும் முன்னரே எடுக்கப்பட்டுச் சுருளில் அமைந்தவை. கணிப்பொறி ஆட்டத்திலோ முன்னரே எடுத்த படம் எதுவும் இல்லை. ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது எவர்க்கும் தெரியாது. ஆதலின் ஒவ்வொரு படத்தையும் அந்த நொடியிலேயே புதிதாக வரைந்தாக வேண்டும். இவ்வாறு வரையப்படும் ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்பர். நாம் படம் என்றே சொல்வோம்.

விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி மட்டுமே. அதாவது ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழப் பதினேழு கூறுகள். விநாடிக்கு 30 படங்கள் போதுமாயின் 33.3 மில்லி விநாடி கிடைக்கும். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் உள்ள மொத்தப் புள்ளிகள் 20,73,600. அத்தனை புள்ளிக்கும் நிறம் இன்னதென்று கணித்து, அந்தச் சிறு நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதனை ஒரு செயலி தனித்துச் செய்வதில்லை. ஆட்டத்தின் போக்கைக் கணித்து, ‘இன்னதை இங்கே வரைக’ என்று ஆணையிடுவது மையச் செயலி. அவ்வாணையை ஏற்று, ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒருங்கே கணித்து வரைவது வரைகலைச் செயலி.

இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இயக்க முறைமை நிற்கிறது. அதன் பணியை விளக்க ஒரு கட்டட வேலையை எண்ணிப் பாருங்கள். வீடு எப்படி அமைய வேண்டும் என்னும் வரைபடம் பொறியாளர் கையில் இருக்கிறது. சுவரை எழுப்புவோர் கொத்தனார்கள். இருவருக்கும் இடையில் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். பொறியாளர் சொல்வதைக் கேட்டு, அது செய்யத் தக்கதுதானா என்று பார்த்து, கொத்தனார்களுக்குப் புரியும் முறையில் எடுத்துச் சொல்லி வேலை வாங்குபவர் அவரே. ஆட்டமே இங்குப் பொறியாளர். வரைகலைச் செயலியே கொத்தனார் கூட்டம். இயக்க முறைமையும், அதனுள் அமைந்த டிரைவர் என வழங்கும் இயக்கி மென்பொருளும் சேர்ந்தவரே மேஸ்திரி.

மேஸ்திரி ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒருமுறை பொறியாளரிடம் ஓடிவந்து கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கொத்தனார்கள் கைகட்டி நிற்பார்கள். ஒரு நாள் வேலையைக் காலையிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் வேலை விரையும். கொத்தனார்கள் அவர்களேதாம்; செங்கல்லும் அதுவேதான்; இடையில் நிற்பவரின் முறை மட்டுமே மாறியிருக்கிறது. ஒரே கணிப்பொறியில் இயக்க முறைமையை மாற்றினால் ஆட்டத்தின் விரைவு மாறுவது இவ்வாறுதான்.

பொறியாளரும் மேஸ்திரியும் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் அன்றோ? நூலோர் இதனை வரைகலை இடைமுகம் என்பர். எளிமை கருதி ஆணைமொழி என்று நாம் கூறுவோம். இம்மொழி ஒன்றாக இல்லாமற் போனதே நம் விடுதி வாதத்தின் வேர். அதன் வரலாறு சுருக்கமானது.

1993ஆம் ஆண்டில் ‘டூம்’ என்னும் ஆட்டம் வெளிவந்தபோது, அது டாஸ் என்னும் எளிய இயக்க முறைமையின்மேல் ஓடிற்று. அக்காலத்து ஆட்டங்கள் இடையில் நிற்பவரைப் பெரிதும் பொருட்படுத்தாமல் பொறியின் உறுப்புகளை நேரே இயக்கின. 1995இல் விண்டோஸ் 95 வந்தது. ஆட்டம் எழுதுவோர் டாஸை விட்டுத் தன்பக்கம் வரவேண்டும் என்று விரும்பிய மைக்ரோசாஃப்ட், அவர்களுக்காக டைரக்ட்எக்ஸ் என்னும் தொகுப்பை அவ்வாண்டிலேயே வெளியிட்டது. முப்பரிமாணக் காட்சிக்குரிய டைரக்ட்3டி என்னும் ஆணைமொழி 1996இல் அதனோடு சேர்ந்தது. அதற்கு முன்னரே, 1992இல், சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் ஓப்பன்ஜிஎல் என்னும் மொழியை வகுத்திருந்தனர். இஃது எந்த இயக்க முறைமைக்கும் பொதுவானது. டைரக்ட்3டியோ மைக்ரோசாஃப்டின் இல்லத்துக்கு மட்டுமே உரியது. விண்டோஸ் உலகெங்கும் பரவியிருந்தமையால், ஆட்டம் எழுதுவோரிற் பெரும்பாலோர் அந்த இல்லத்து மொழியிலேயே எழுதலாயினர்.

பின்னர் ஆப்பிள் நிறுவனம் 2014இல் மெட்டல் என்னும் தனிமொழியை முதலில் தன் கைப்பேசிகளுக்கு வகுத்து, மறு ஆண்டில் மேக் கணிப்பொறிகளுக்கும் கொணர்ந்தது. 2018இல், ஓப்பன்ஜிஎல்லை இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015இல் டைரக்ட்எக்ஸ் 12ஐ வெளியிட்டது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் குரோனோஸ் குழுமம் என்னும் கூட்டமைப்பு, யாவர்க்கும் பொதுவான வல்கன் என்னும் புதுமொழியை வெளியிட்டது. இம்மூன்று புதுமொழிகளுக்கும் நோக்கம் ஒன்றே. செங்கல் செங்கல்லாகக் கேட்பதை ஒழித்து, ஆணைகளைத் தொகுத்து எழுதி ஒருசேர ஒப்படைத்தல். நோக்கம் ஒன்றாயினும் மொழிகள் மூன்று. விண்டோஸும் லினக்ஸும் வல்கனை அறியும். மேக் தன் மெட்டலை மட்டுமே நேரே அறியும்.

இனி, ஒப்பீடு எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதற்குச் சான்றாக அமைந்த ஒரு சோதனையைக் காண்போம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், வால்வ் என்னும் அமெரிக்க ஆட்ட நிறுவனம், தான் உருவாக்கிய ‘லெஃப்ட் 4 டெட் 2’ என்னும் ஆட்டத்தை இரண்டு இயக்க முறைமைகளில் ஓட்டிப் பார்த்த முடிவை வெளியிட்டது. கணிப்பொறி ஒன்றே: இன்டெல் கோர் ஐ7 3930கே மையச் செயலி, என்விடியா ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 680 வரைகலை அட்டை, 32 ஜிகாபைட் நினைவகம். விண்டோஸ் 7இல், டைரக்ட்3டி வழியாக, ஆட்டம் விநாடிக்கு 270.6 படங்கள் ஓடிற்று. லினக்ஸின் ஒரு வகையாகிய உபுண்டுவில் முதன்முதல் ஓட்டியபோது கிடைத்தவை எத்தனை தெரியுமா? விநாடிக்கு 6 படங்கள்! அன்றே சோதனையை நிறுத்தியிருந்தால், ‘லினக்ஸ் ஆட்டத்துக்கு உதவாது’ என்று எழுதி முடித்திருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. ஆட்டத்தைத் திருத்தினார்கள், ஓப்பன்ஜிஎல்லுக்கு ஏற்பச் செப்பனிட்டார்கள், வரைகலை அட்டை செய்வோரோடு சேர்ந்து இயக்கியைச் சீர்ப்படுத்தினார்கள். முடிவில் அதே பொறியில் லினக்ஸ் விநாடிக்கு 315 படங்கள் தந்தது.

இங்கே பலர் மகிழ்ந்து எழுந்துவிடுவார்கள். ‘315 பெரிது, 270 சிறிது; லினக்ஸ் வென்றது’ என்பார்கள். ஆனால் வால்வ் நிறுவனத்தார் மூன்றாவது அளவு ஒன்றையும் எடுத்தார்கள். அதுவே இந்தச் சோதனையின் சிறப்பு. விண்டோஸிலேயே, டைரக்ட்3டியை விட்டுவிட்டு, ஓப்பன்ஜிஎல் வழியாக ஆட்டத்தை ஓட்டினார்கள். கிடைத்தது 303.4. இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு படத்துக்குச் செலவான நேரம், விண்டோஸும் டைரக்ட்3டியும் சேர்ந்தபோது 3.70 மில்லி விநாடி. விண்டோஸும் ஓப்பன்ஜிஎல்லும் சேர்ந்தபோது 3.30, லினக்ஸும் ஓப்பன்ஜிஎல்லும் சேர்ந்தபோது 3.17. மொத்த வேறுபாடு அரை மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட பகுதி, ஆணைமொழியை மாற்றியவுடனே, விண்டோஸை விட்டு நீங்காமலே கிடைத்துவிட்டது. எஞ்சிய சிறு பகுதியையே இயக்க முறைமைக்கும் அதன் இயக்கிக்கும் உரியதாகக் கூறலாம். மூன்றாவது அளவு இல்லாதிருந்தால் அம்முழு வேறுபாட்டையும் இயக்க முறைமையின் தலையில் ஏற்றியிருப்போம்.

இச்சோதனையைப் படிக்கும் மாணவர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். வால்வ் நிறுவனம் இதில் பற்றற்ற நடுவர் அன்று. விண்டோஸ் 8இன் போக்கு தன் வாணிகத்துக்குக் கேடு என்று அஞ்சி, லினக்ஸை வளர்க்க அது முற்பட்டிருந்த காலம் அது. ஆயினும், பொறியின் விவரம், அளவுகள், தனக்குப் பெருமை தராத முதல் ஆறு படங்கள், வெற்றியின் பெரும்பகுதியைக் குறைத்துக்காட்டும் மூன்றாம் அளவு ஆகிய யாவற்றையும் அது மறையாது வெளியிட்டது. கூறுபவர் யார் என்று பார்ப்பது நன்று. அவர் எதனை மறைக்காமல் கூறினார் என்று பார்ப்பது அதனினும் நன்று.

ஓர் ஆட்டத்தில் கண்டதை எல்லா ஆட்டங்களுக்கும் உரியதாக்கவும் கூடாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பரில், ஆர்ஸ் டெக்னிகா என்னும் இணைய இதழ் வேறு ஆட்டங்களைக் கொண்டு, வால்வ் நிறுவனத்தின் லினக்ஸ் வடிவமாகிய ஸ்டீம் ஓஎஸ்ஸை விண்டோஸோடு ஒப்பிட்டது. அங்கே முடிவு தலைகீழாயிற்று. பெருநிறுவனங்கள் வெளியிட்ட இரண்டு ஆட்டங்களில், லினக்ஸ் தந்த படங்கள் 21 முதல் 58 விழுக்காடு வரை குறைவாக இருந்தன. மூன்றாண்டில் லினக்ஸ் மெலிந்துவிட்டதோ? இல்லை. விண்டோஸுக்காகப் பல்லாண்டு செதுக்கிய ஆட்டம் ஒன்றை வேறு வீட்டுக்குப் பெயர்த்தபோது, அதே உழைப்பை அங்கே செலவிடுவோர் இல்லை. ஆக, நாம் ‘இயக்க முறைமையின் விரைவு’ என்று கூறுவதில், அதற்காக எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்தார்கள் என்பதும் கலந்திருக்கிறது.

பெயர்த்து எழுதுவோர் இல்லையெனின், ஓடும்போதே மொழிபெயர்த்தால் என்ன என்னும் எண்ணம் இதற்கு மாற்றாக வளர்ந்தது. 1993இல் தொடங்கிய வைன் என்னும் திட்டம், விண்டோஸுக்கென எழுதிய செயல்நிரல்களை லினக்ஸில் ஓடச் செய்வது. விண்டோஸ் ஆணை ஒன்று வந்தால், அதற்கு நிகரான லினக்ஸ் ஆணையை அது நிறைவேற்றித் தரும். டைரக்ட்3டி ஆணைகளை வல்கன் ஆணைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்னும் மென்பொருள் பின்னர் எழுந்தது. இவற்றை ஒன்றுசேர்த்து, புரோட்டான் என்னும் பெயரில் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணிப்பொறி, லினக்ஸில் ஓடிக்கொண்டே விண்டோஸ் ஆட்டங்களை ஆடத் தருவது இந்த மொழிபெயர்ப்பின் துணையால்தான்.

மொழிபெயர்ப்பாளர் நடுவில் வந்தால் பேச்சு தாமதப்படும் என்று எண்ணுவது இயல்பு. தாமதம் உண்டு, ஆனால் அது எப்போதும் மிகுதி அன்று. சில வேளைகளில் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் சொல்லியதைவிடச் சீராக வேலையை வகுத்துத் தந்துவிடுவதும் உண்டு. 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ என்னும் ஆட்டம் கணிப்பொறிகளில் இடையிடையே திக்கித் தடுமாறியது. புரோட்டானைப் பேணுவோர் அத்தடுமாற்றத்தைக் குறைக்கும் திருத்தங்களைத் தம் மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே செய்து, ஆட்டத்தைத் தொடாமலே அதனை நிரவினர். அன்றியும், ஸ்டீம் டெக் பொறிகளில் வரைகலைச் செயலி ஒரே வகையாக இருப்பதால், அதற்குரிய சிறு வரைநிரல்களை முன்கூட்டியே ஆக்கி அனுப்பிவிட முடிகிறது. பலவகைப் பொறிகளில் ஓடும் விண்டோஸில் இவ்வசதி எளிதன்று. 2025இல் லெனோவோ நிறுவனத்தின் லீஜியன் கோ எஸ் என்னும் கையடக்கப் பொறி, விண்டோஸுடன் ஒரு வடிவமாகவும் ஸ்டீம் ஓஎஸ்ஸுடன் ஒரு வடிவமாகவும் விற்பனைக்கு வந்தது. ஒரே பொறி, இரண்டு இயக்க முறைமை. ஒப்பிடுவோர்க்கு இதனினும் நல்ல வாய்ப்பு அமைவது அரிது. பத்தாண்டுக்கு முன் லினக்ஸைப் பின்தங்கக் கண்ட அதே இதழ், இம்முறை சோதித்த ஆட்டங்களிற் பெரும்பாலானவற்றில் ஸ்டீம் ஓஎஸ்ஸே முந்தக் கண்டது.

மேக் கணிப்பொறியின் நிலை வேறு. 2006 முதல், இன்டெல் செயலி கொண்ட மேக் பொறிகளில் பூட் கேம்ப் என்னும் வசதியால் விண்டோஸையும் நிறுவ முடிந்தது. அப்போது ஒரே பொறியில் இரண்டையும் அளக்கலாம். 2020 நவம்பரில் எம்1 என்னும் ஆப்பிளின் சொந்தச் செயலி வந்தபின், அப்பொறிகளில் பூட் கேம்ப் இல்லை. ஆகவே இன்றைய மேக்கையும் விண்டோஸ் பொறி ஒன்றையும் ஒப்பிடுவோர், இயக்க முறைமையை மட்டும் ஒப்பிடவில்லை. செயலி, நினைவகம், ஆணைமொழி யாவும் சேர்ந்த முழுப்பொறியை ஒப்பிடுகிறார்கள். எதனை வாங்கலாம் என்பதற்கு அவ்வொப்பீடு பயன்படும். எந்த இயக்க முறைமை விரைவு என்பதற்கு அது விடை ஆகாது. நம் விடுதியின் மூன்றாம் மாணவர் கேட்டது முதல் வினாவா, இரண்டாம் வினாவா என்பதை அவரே தெளிந்துகொள்ள வேண்டும்.

இனி, நீங்களே சோதனை செய்ய விரும்பினால் பின்பற்ற வேண்டிய முறைகளைக் கூறுகிறேன். பௌதிகச் சோதனைச்சாலையில் நீங்கள் கற்ற விதியே முதல் விதி: ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாதே. ஒரே பொறியில், வட்டைப் பகுத்து, இரண்டு இயக்க முறைமைகளையும் நிறுவுங்கள். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அடுத்தடுத்து அமைந்திருந்ததை உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் அறிவர். அத்தகைய இரட்டை அமைப்பே இச்சோதனைக்கு ஏற்றது. திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையும், ஆட்டத்தின் காட்சித் தரமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். இயக்கி மென்பொருள் இரண்டிலும் புதியதாக இருக்கட்டும். ஒரு பக்கம் பழைய இயக்கியை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் புகழ்தல் நேர்மையன்று.

அடுத்து, ஒரே காட்சியையே அளக்க வேண்டும். வெற்றுச் சுவரை நோக்கி நிற்கும்போது படங்கள் விரையும். படையொன்று எதிர்வரும்போது மந்தமாகும். ‘குவேக்’ என்னும் ஆட்டம் 1996இல் வந்த காலத்திலேயே, பதிந்து வைத்த ஆட்டம் ஒன்றைத் திரும்ப ஓட்டி நேரம் கணிக்கும் வசதி அதில் இருந்தது. அதன் நிரலிலிருந்து கிளைத்த மரபில் வந்த சோனாட்டிக் என்னும் இலவச ஆட்டமும், சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் இலவசப் பந்தய ஆட்டமும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் கிடைக்கின்றன. மாணவர் சோதனைக்கு இவை தக்கவை.

திரையோடு படங்களை இசைவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 60 முறை புதுப்பிக்கும் திரையில் அவ்வமைப்பு இயங்கினால், இரண்டு இயக்க முறைமைகளும் அறுபதுக்கு மேற்போகாமல் நின்றுவிடும்; வேறுபாடு தெரியாது. மடிக்கணினியாயின் மின்னிணைப்பிலேயே வைத்து அளவிடுங்கள்; மின்கலத்தில் ஓடும்போது செயலி தன் விரைவைக் குறைத்துக்கொள்ளும். சூடேறினாலும் அவ்வாறே செய்யும். ஆதலின் இரண்டாவதாகச் சோதிக்கப்படுவதற்கு முந்தையதன் சூடு பகையாகாமல், ஆறவிட்டு ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் வரைநிரல்கள் ஆக்கப்படுவதால் தடங்கல் மிகும்; அதனைத் தனியே குறித்துக்கொண்டு, பின்னர் மூன்று முறையேனும் ஓட்டிப் பாருங்கள். மும்முறையும் ஒரே முறைமையில் கிடைத்த அளவுகள் தமக்குள்ளேயே நான்கு படம் வேறுபடுமாயின், இரு முறைமைகளுக்கிடையே மூன்று படம் வேறுபாடு கண்டதாகச் சொல்வதற்குப் பொருளில்லை.

சராசரியை நம்பி மயங்காதிருத்தல் அடுத்த விதி. ஒரு பொறி பத்து விநாடியும் சீராக 60 படம் வீதம் 600 படங்கள் தருகிறது. மற்றொரு பொறி ஒன்பது விநாடிக்கு 70 வீதம் 630 படங்கள் தந்துவிட்டு, எஞ்சிய ஒரு விநாடியில் அரை விநாடிக்கு ஒன்றாக இரண்டே படங்கள் தருகிறது. இரண்டாவதன் சராசரி 63.2. கணக்கின்படி அதுவே விரைவு. ஆனால் ஆடுபவர், அந்த இரண்டு அரை விநாடித் தேக்கங்களில் தம் ஆட்டத்தையே இழந்துவிடுவார். அதனால்தான் அறிந்தோர், மிக மந்தமான நூற்றிலொரு பங்குப் படங்களுக்கு ஆன நேரத்தையும் தனியே குறித்துக் காட்டுகின்றனர்.

தடை எங்கே இருக்கிறது என்பதையும் கண்டறிய வேண்டும். கொத்தனார்கள் அனைவரும் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருக்கும்போது, மேஸ்திரியை மாற்றுவதால் சுவர் விரைந்து எழாது. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. அங்கே வரைகலைச் செயலிக்கே மூச்சு முட்டும். அப்போது இயக்க முறைமைகளுக்கிடையேயான வேறுபாடு சுருங்கிவிடும். திரைப் புள்ளிகளைக் குறைத்தால் படங்கள் மிகுமாயின், தடை வரைகலைச் செயலியில் இருந்தது என அறிக. குறைத்தும் மிகாவிடின், தடை ஆணையிடும் பக்கத்தில் இருக்கிறது. இயக்க முறைமையின் திறம் வெளிப்படுவது அங்கேதான்.

எண்களுக்கு அப்பாற்பட்ட ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. ஓடாத ஆட்டத்தின் விரைவு சுழியம். பலர் கூடி ஆடும் சில ஆட்டங்களில், பொய்யாட்டத்தைத் தடுக்கும் காவல் மென்பொருள் விண்டோஸை மட்டுமே ஏற்கிறது. முன்பு லினக்ஸில் ஓடிய ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ என்னும் ஆட்டத்தை, பொய்யாட்டத்தைக் காரணம் காட்டி, 2024 இறுதியில் அதன் வெளியீட்டாளர்கள் லினக்ஸில் நிறுத்திவிட்டனர். உங்கள் நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டம் அதுவாயின், எத்தனை அளவுகள் எடுத்தும் பயனில்லை. இதற்கு மறுபுறமும் உண்டு. வீட்டிலிருக்கும் பழைய பொறியை விண்டோஸ் 11 ஏற்காத நிலையில், அதனில் லினக்ஸ் ஓடுமாயின், நீங்கள் விரும்பும் இரண்டு மூன்று ஆட்டங்கள் அதில் விநாடிக்கு 60க்குப் பதில் 55 படங்கள் தந்தாலும், மிச்சமாவது ஒரு புதுப்பொறியின் விலை.

ஆகவே, விடுதி மாணவர் மூவர்க்கும் நாம் கூறும் விடை ஒரு பெயராக அமையாது. எந்த ஆட்டம், எந்தப் பொறி, எந்த இயக்கி, எந்த ஆணைமொழி, எந்த ஆண்டு என்பவற்றைச் சொன்னால்தான் எது விரைவு என்று சொல்ல இயலும். 2012இல் மெய்யாக இருந்தது 2015இல் மாறிற்று. 2015இல் மெய்யாக இருந்தது 2025இல் மீண்டும் மாறிற்று. இன்று எடுக்கும் அளவும் நாளை பழையதாகும். ஆனால் ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாது அளக்கும் முறை பழையதாவதில்லை. ஒரு விடுமுறை நாளில், ஒரு குறிப்பேட்டையும் ஓர் இலவச ஆட்டத்தையும் வைத்துக்கொண்டு, உங்கள் பொறியிலேயே அந்த அளவுகளை எடுத்துப் பாருங்கள். புதுப்பொறி வேண்டும் என்று வீட்டில் கேட்பதாயினும், வேண்டாம் என்று சொல்வதாயினும், அந்தக் குறிப்பேட்டைப் பெற்றோர் முன் விரித்து வைத்துப் பேசலாம்.